யார் கொன்றது என்ற கேள்விக்குப் பின்

துப்பறியும் தொடர்களை நாம் விரும்பிப் பார்ப்பதற்குக் காரணம் என்ன? ஒரு மனிதன் கொலையுண்டு கிடக்கிறான். கொன்றவன் யாரென்று தெரியவில்லை. ஒரு மணி நேரத்திற்குள் அவன் அகப்படுகிறான். குலைந்துபோன ஒழுங்கு மீண்டும் நிலைபெறுகிறது. நாமும் நிம்மதியாக உறங்கச் செல்கிறோம். இந்த நிம்மதியை நமக்குத் தருவது நீதியா, அல்லது கதை சொல்லப்பட்ட முறையா? இவ்வினா எளிதாகத் தோன்றினாலும், குற்றவாளியைப் பற்றி நாம் கொண்டுள்ள எண்ணம் முழுவதும் இதனுள் அடங்கியிருக்கிறது.

1990இல் அமெரிக்காவில் தொடங்கிய 'லா அண்டு ஆர்டர்' தொடரின் அமைப்பை எடுத்துக்கொள்வோம். முற்பாதியில் காவலர்கள் புலனாய்வு செய்கின்றனர். பிற்பாதியில் அரசு வழக்கறிஞர்கள் வழக்கை நடத்துகின்றனர். தொடக்கத்தில் வழிப்போக்கர் எவரேனும் சடலத்தைக் காண்பார். அதன்பின் இறந்தவர் பெரும்பாலும் வழக்கின் தொடக்கப்புள்ளியாகவே நின்றுவிடுகிறார். 2000இல் வந்த 'சி.எஸ்.ஐ.' தொடரில் ஒளிப்பதிவுக் கருவி காயத்தின் உள்ளேயே நுழைந்து, குண்டு சென்ற பாதையை நமக்குக் காட்டியது. உடல் அங்கே தடயம் எழுதப்பட்ட ஏடு. இரண்டும் திறமையாக உருவாக்கப்பட்டவை என்பதில் ஐயமில்லை. ஆயினும் இரண்டும் ஒன்றையே நமக்குக் கற்பிக்கின்றன: கேள்வி "யார்?" என்பது, விடை கிடைத்தவுடன் நம் கடமை முடிந்தது.

1971 முதல் தொடராக வெளிவந்த 'கொலம்போ' இவ்வரிசையைத் தலைகீழாக்கியது. கொலையும் கொலையாளியும் முதலிலேயே நமக்குத் தெரிந்துவிடும். பிறகுதான் பீட்டர் ஃபால்க் நடித்த அந்தத் துப்பறிவாளர், கசங்கிய மழைக்கோட்டுடன் வந்து சேர்வார். "யார்?" என்ற கேள்வி மறைந்து, "எப்படி அகப்படுவான்?" என்ற கேள்வி எழுகிறது. செல்வமும் செருக்கும் மிக்க கொலையாளியை எளிய மனிதர் ஒருவர் வீழ்த்துவது நமக்கு இனிக்கிறது. எனினும் கைது செய்யப்படும் இடத்திலேயே இங்கும் திரை விழுகிறது. அதற்குப் பின் அந்த மனிதனுக்கு என்ன நேர்ந்தது என்று நாம் கேட்பதில்லை.

கேட்கத் துணிந்த படைப்பு ஒன்று போலந்து நாட்டிலிருந்து வந்தது. இயக்குநர் கிறிஸ்தோப் கீஸ்லோவ்ஸ்கி, வழக்கறிஞரான கிறிஸ்தோப் பியெசியேவிச்சுடன் இணைந்து எழுதிய 'டெக்கலோக்', பத்துக் கட்டளைகளைத் தழுவிய பத்துப் பகுதிகளைக் கொண்டது. அந்நாட்டுத் தொலைக்காட்சியில் 1989-90இல் ஒளிபரப்பானது. "கொலை செய்யாதே" என்பது அதன் ஐந்தாம் பகுதி. யாட்ஸெக் என்னும் இளைஞன் வாடகைக் கார் ஓட்டுநர் ஒருவரைக் கொல்கிறான். அரசு அவனைத் தூக்கிலிடுகிறது. கதை இவ்வளவே.

ஆனால் இதில் புலனாய்வு இல்லை. வழக்கு நடப்பதையும் நாம் காண்பதில்லை. கொலைக்குப் பின் நேரே தீர்ப்புக்கு வந்துவிடுகிறோம். பிற தொடர்கள் முழு நேரத்தையும் செலவிடும் பகுதி இங்கே அகற்றப்பட்டிருக்கிறது. எஞ்சியிருப்பவை இரண்டு கொலைகள். அவை தராசின் இரு தட்டுகள் போல எதிரெதிரே நிற்கின்றன. ஒளிப்பதிவாளர் ஸ்வாவோமிர் இஜியாக் பச்சைநிற வடிகட்டிகளைப் பயன்படுத்தினார். வார்சா நகரம் நோயுற்றது போல் வெளிறித் தெரிகிறது. சட்டத்தின் ஓரங்கள் இருண்டு, பார்வை குறுகுகிறது. மற்றத் தொடர்களில் ஒரு நொடியில் முடியும் கொலை இங்கே நிமிடக்கணக்கில் நீள்கிறது. உயிர் எளிதில் பிரிவதில்லை. பிறகு சிறைக்குள், தூக்கிலிடுபவர் தம் கருவிகளை ஒவ்வொன்றாகச் சரிபார்ப்பதையும் அதே பொறுமையுடன் நாம் பார்க்க வேண்டியிருக்கிறது. முதற்கொலையில் வெறி இருக்கிறது. இரண்டாவதில் ஒழுங்கு இருக்கிறது. எது கொடியது என்று படம் சொல்லவில்லை.

கொலையுண்டவரும் நல்லவராகக் காட்டப்படவில்லை. காத்திருக்கும் பயணிகளை ஏற்றாமல் சென்றுவிடுகிறார். அதே மனிதர் தெருநாய்க்குத் தம் உணவைக் கொடுக்கிறார். இளைஞனும் அப்படியே. பாலத்தின் மேலிருந்து ஓடும் வண்டிகள்மேல் கல்லைத் தள்ளிவிடுகிறான். தன் தங்கையின் முதல் நற்கருணைப் படத்தைப் பெரிதாக்கித் தருமாறு புகைப்படக் கடையில் கேட்கிறான். தன்னோடு குடித்த நண்பன் ஓட்டிய டிராக்டரில் அச்சிறுமி அகப்பட்டு இறந்தாள் என்பதைச் சாவதற்குச் சற்றுமுன்தான் தன் வழக்கறிஞரிடம் சொல்கிறான்.

இந்த வரிசையை நாம் ஊன்றி நோக்க வேண்டும். தங்கையின் கதை தீர்ப்புக்கு முன் வந்திருந்தால் அது ஒரு சலுகைக் காரணமாக ஆகியிருக்கும். நாமும் நீதிபதிகளாக அமர்ந்து அதை நிறுத்துப் பார்த்திருப்போம். தீர்ப்புக்குப் பின் வருவதால் அதனால் எதையும் மாற்ற இயலவில்லை. அது கொலைக்கு விளக்கமும் ஆகாது. கொலையாளி என்று நாம் பெயரிட்டு முடித்துவிட்ட ஒருவன் மனிதனாக எஞ்சியிருக்கிறான் என்பதை மட்டுமே அது உணர்த்துகிறது.

இது கொலையாளிக்கு இரங்கி, கொலையுண்டவரை மறப்பதாகாதா என்று சிலர் கேட்கலாம். அந்தக் கேள்வி நியாயமானதே. குற்றவாளியின் கண்ணீரைக் காட்டிப் பாதிக்கப்பட்டவரின் குருதியை மறைக்கும் படைப்புகள் உண்டு. ஆனால் இப்படைப்பு ஓட்டுநரின் சாவை நீண்ட நேரம் காட்டி, அதை எளிதாகக் கடந்துபோகும் வழியை நமக்கு அடைத்துவிட்டது. அச்சாவின் கொடுமையை உணர்ந்தவருக்கே இரண்டாம் சாவின் கொடுமையும் தெரியும். இரக்கம் ஒருவரிடமிருந்து பறித்து மற்றவருக்குக் கொடுக்கும் பொருளன்று.

இப்பகுதியின் விரிந்த வடிவம் 1988இல் திரைப்படமாக வெளிவந்து, கான் விழாவில் நடுவர் பரிசு பெற்றது. போலந்தில் கடைசியாக மரண தண்டனை நிறைவேற்றப்பட்டதும் அவ்வாண்டே; 1998இல் சட்டத்திலிருந்தே அது நீக்கப்பட்டது. ஒரு படம் இதைச் செய்தது என்று நாம் கூறவில்லை. மரண தண்டனை ஏற்கத்தக்கதன்று என நம் திருச்சபையின் மறைக்கல்வி நூல் 2018இல் திருத்தப்பட்டதையும் நாம் அறிவோம்.

கோட்பாட்டை ஏற்பது ஒன்று. அதன்படி ஒரு முகத்தைப் பார்ப்பது வேறொன்று. கொடிய குற்றம் ஒன்று நிகழ்ந்து, பிடிபட்டவனின் படம் செய்தித்தாளில் வரும்போது, நம்முள் எழும் முதற்சொல் எது? கதை அத்துடன் முடிந்தது என்று ஏட்டை மடித்துவிடுகிறோமா? குற்றம் குற்றமே, அதற்குத் தண்டனையும் வேண்டும். ஆயினும் காயினை நோக்கி ஆண்டவர் "உன் சகோதரன் எங்கே?" என்று வினவினார், பின்னர் அவனைக் கண்டவர் எவரும் கொன்றுவிடாதபடி அவன்மேல் ஓர் அடையாளமும் இட்டார். "யார் கொன்றது?" என்பதற்கு விடை கிடைத்த பின்னும் அந்தக் கதை முடியவில்லை. நாம் மட்டும் முடித்துவிடலாமா?