'போதும்' என்று யார் சொல்வது?

பிள்ளைக்கு விளையாட்டுப் பயிற்சியாளர் தேடும்போது நாம் முதலில் விசாரிப்பது இதைத்தான்: "அவர்கிட்ட கத்துக்கிட்டவங்க யாராவது ஸ்டேட் ஆடியிருக்காங்களா?" இதில் தப்பொன்றும் இல்லை. ஆனால் இந்தக் கேள்வியில் பிள்ளை எங்கே இருக்கிறது என்று யோசித்தால் கொஞ்சம் உறுத்தும்.

சேர்வராயன் மலையில், காபித் தோட்டங்களுக்கு நடுவே இருக்கும் வெள்ளக்கடையில் பன்னிரண்டு வயதுப் பெண் ஒருத்தி சாஃப்ட்பால் ஆடுகிறாள் என்று வைத்துக்கொள்வோம். அவள்தான் அணிக்குப் பந்து வீசுகிறவள். சாஃப்ட்பால் வீச்சு கிரிக்கெட் மாதிரி இல்லை. கை ராட்டினம்போல ஒரு முழுச்சுற்று சுற்றி, இடுப்பை உரசுகிற மாதிரி இறங்கி, கீழிருந்து பந்தை விட வேண்டும். அதைப் பழக்கிவிட ஓர் ஆள் தேவை. பள்ளியில் பி.டி. சார் இருக்கிறார். கீழே சேலத்தில் ஒரு கோச் இருப்பதாகச் சொல்கிறார்கள். அங்கே போனால் பஸ் செலவு, அப்பாவுக்கோ அம்மாவுக்கோ ஒருநாள் கூலி போகும். யாரிடம் விடுவது?

இங்கே ஒரு விசித்திரம் இருக்கிறது. தேர்ந்தெடுப்பது பெற்றோர். கற்றுத்தருவது பயிற்சியாளர். இரண்டு பேரில் யார் தப்பு செய்தாலும் விலை கொடுப்பது அந்தப் பெண்ணின் தோள். அவளிடம் யாரும் முழுசாகக் கேட்பதும் இல்லை. கேட்டாலும் பன்னிரண்டு வயதில் "வலிக்குது" என்று சொன்னால் அணியிலிருந்து தூக்கிவிடுவார்களோ என்று பயந்து, "ஒண்ணும் இல்லைங்க சார்" என்றுதான் சொல்வாள்.

2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் ஜப்பானின் யுகிகோ உயெனோ இரண்டு நாளில் மூன்று ஆட்டங்களில் 413 பந்துகள் வீசினார். இறுதி ஆட்டத்தில் அமெரிக்காவை 3-1 என்று வென்று ஜப்பான் தங்கம் வாங்கியது. அதைக் கொண்டாடலாம். அப்போது அவருக்கு 26 வயது. தன் கையை எதற்காகச் செலவழிக்கிறோம் என்று அவருக்குத் தெரியும். அதே கதையைப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு முன்மாதிரியாகச் சொல்லும்போதுதான் வில்லங்கம். கீழிருந்து வீசுவது உடம்புக்கு இயல்பானது, எவ்வளவு வீசினாலும் ஒன்றும் ஆகாது என்று ஒரு நம்பிக்கை நெடுநாளாக இருந்தது. அமெரிக்காவின் லிட்டில் லீக், பேஸ்பால் ஆடும் சிறுவர்களுக்கு 2007-லேயே பந்து எண்ணிக்கைக்கு வரம்பு வைத்துவிட்டது. சாஃப்ட்பால் வீச்சிலும் தோளின்மேல் ஏறும் சுமை லேசானதல்ல என்று ஆய்வாளர்கள் அளந்து சொல்லியிருக்கிறார்கள். வரம்பை யாரும் எழுதிவைக்காத பள்ளி மைதானத்தில், பயிற்சியாளரின் வாய்தான் வரம்பு.

நம் நன்னூல் ஆசிரியரை எடைபோடுவதற்கு உவமைகள் தருகிறது. ஆகாத ஆசிரியருக்குச் சொல்லும் நான்கில் ஒன்று முடத்தெங்கு: ஒருவர் தண்ணீர் ஊற்றி வளர்க்க, வளைந்துபோய் அடுத்தவர் தோட்டத்தில் காய் போடும் தென்னை. பிள்ளையின் உழைப்பில் தன் பெயரையும் அகாடமி பேனரையும் வளர்க்கிற கோச்சைப் பார்த்தால் எனக்கு அந்த மரம்தான் ஞாபகம் வரும். நல்லாசிரியருக்குச் சொன்ன உவமைகளில் ஒன்று நிறைகோல், அதாவது தராசு. தராசுக்கு நம் ஆசை தெரியாது. வைத்ததன் எடையை மட்டும் காட்டும்.

இதே சேலம் மாவட்டத்துச் சின்னப்பம்பட்டியில் டென்னிஸ் பந்து கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தவர் டி. நடராஜன். உள்ளூர்க்காரரான ஜெயப்பிரகாஷ் அவர் கையில் இருந்ததைக் கண்டுகொண்டு, சென்னையில் லீக் ஆட வழிகாட்டினார். 2015-ல் ரஞ்சியில் முதல் ஆட்டம் ஆடியதுமே பந்துவீச்சு முறைமேல் சந்தேகம் என்று புகார் வந்தது. சென்னையில் வேறு பயிற்சியாளர்கள் உதவியோடு வீச்சைத் திருத்திக்கொண்டு திரும்பி வந்தார். 2020-21 ஆஸ்திரேலியப் பயணத்தில் மூன்று வகை ஆட்டங்களிலும் இந்தியாவுக்கு அறிமுகமானார். 2020 ஐ.பி.எல்.லில் அவர் சட்டைமுதுகில் இருந்த பெயர் 'ஜே.பி. நட்டு'. அந்த ஜே.பி. ஜெயப்பிரகாஷ்தான். வீச்சைத் திருத்தியவர்கள் வேறு ஆட்கள். ஆனாலும் முதலில் வழிவிட்டவரின் பெயர்தான் முதுகில் ஏறியது. எல்லாம் தெரிந்தவராக இருப்பதைவிட, 'இதற்கு மேல் இன்னொருவரிடம் போ' என்று அனுப்பத் தெரிந்தவராக இருப்பது பெரிய தகுதி என்று இதிலிருந்து நான் எடுத்துக்கொள்கிறேன்.

வெள்ளக்கடை மாதிரி ஊரில் பத்துப் பேரில் ஒருவரைத் தேர்ந்தெடுக்கும் வசதி கிடையாது. இருப்பவர் ஒருவரோ இருவரோதான். அதனாலேயே தேர்வு சேர்த்துவிட்ட நாளோடு முடிவதில்லை. பயிற்சியை நின்று பார்க்க விடுகிறாரா? "எத்தனை பந்து வீசினா?" என்று கேட்டால் எண்ணிச் சொல்கிறாரா? பிள்ளை "இன்னிக்கு முடியல சார்" என்றால் அவர் முகம் எப்படி மாறுகிறது? கதவைச் சாத்திக்கொண்டு தனியாகப் பயிற்சி என்கிறாரா? அப்படியென்றால் வேறு கேள்வியே வேண்டாம், கூட்டிக்கொண்டு வந்துவிடலாம்.

கடைசியாக ஒன்று. நல்ல பயிற்சியாளர் என்றைக்காவது நம்மிடமும் 'போதும்' என்பார். மாவட்டப் போட்டிக்கு இரண்டு நாள் இருக்கும்போது, "தோள் சரியில்லை, இந்தத் தடவை வேண்டாங்க" என்பார். பஸ்ஸுக்குச் செலவழித்த காசும், சொந்தக்காரர்களிடம் சொல்லிவைத்த பெருமையும் அப்போது நம் தொண்டையில் நிற்கும். அந்த நிமிஷத்தில் அவரை மாற்றத் தோன்றுகிறதா, அவருக்கு நன்றி சொல்லத் தோன்றுகிறதா என்பதில்தான் நாம் யாரைத் தேடிப் போனோம் என்பது தெரியும்.