குழாயின் அடியில் ஒரு வெள்ளைப் பொட்டு

ராத்திரி பகலாக நீ முடித்த வேலையில் வேறொருவன் பேரை எழுதிக்கொண்டானா? உன் யோசனையைத் தன் யோசனையென்று சொல்லி மேலதிகாரி மாலை வாங்கிக்கொண்டாரா? வயிறு எரிகிறதா? எரியட்டும். அணைத்துக்கொள் என்று புத்தி சொல்ல நான் வரவில்லை. அந்த அடுப்பில் என்ன உலை வைக்கப் போகிறாய் என்று கேட்கத்தான் வந்தேன்.

ஹிரோவாகி மிட்சுயாவைப் பார். ஜப்பானின் குமமோட்டோவில் மருத்துவம் படித்தவர். 1982-இல் அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தில், சாமுவேல் புரோடரின் ஆய்வகத்தில் சேர்ந்தார். எய்ட்ஸ் நோயாளியின் சாப்பாட்டுத் தட்டை ஆஸ்பத்திரி ஊழியர்களே வாசலில் வைத்துவிட்டு நகர்ந்த காலம் அது. அந்த நோய்க்கு மருந்து தேட மிட்சுயா கிளம்பியதும், அதன் வைரஸை இங்கே கொண்டுவராதே என்று கூட வேலை பார்த்தவர்கள் பயந்தார்கள். அவர்கள் பயந்ததிலும் நியாயம் உண்டு. மருந்தே இல்லாத நோய்! மிட்சுயா மல்லுக்கு நிற்கவில்லை. அந்த வைரஸைக் கையாண்டுவந்த ராபர்ட் கேலோவின் ஆய்வகத்தில், ஆட்கள் வீட்டுக்குக் கிளம்பிய பிறகு போய் உட்கார்ந்தார். நீயோ நாற்காலி சரியில்லை, நேரம் சரியில்லை என்கிறாய்!

சோதனை எளிது, பார்க்கத்தான் நெஞ்சுரம் வேண்டும். கண்ணாடிக் குழாயில் டி செல்கள், அதாவது ரத்தத்தின் காவல்படை. அதோடு வைரஸ். வைரஸ் ஜெயித்தால் செல்கள் மடிந்து குழாயின் அடி வெறிச்சோடும். மருந்து ஜெயித்தால் பிழைத்த செல்கள் அடியில் திரண்டு வெள்ளைப் பொட்டாக நிற்கும்.

1985 பிப்ரவரியில் பரோஸ் வெல்கம் கம்பெனியிலிருந்து ஒரு பொருள் வந்தது. பெயர் கிடையாது, ‘காம்பவுண்ட் எஸ்’ என்ற சங்கேதம் மட்டும். அதைப் போட்ட குழாயில் பொட்டு நின்றது!

அதுதான் ஏ.இசட்.டி. 1964-இல் டெட்ராய்ட்டில் ஜெரோம் ஹார்விட்ஸ் புற்றுநோய்க்கென்று செய்து, எலியிடம் தோற்று, காப்புரிமைகூட வாங்காமல் மூலையில் போட்ட பொருள். தோற்றுப்போனதென்று நீ பரணில் ஏற்றி வைத்திருப்பதை ஒருமுறை இறக்கிப் பார்.

1987 மார்ச்சில் அது உலகின் முதல் எச்.ஐ.வி. மருந்தானது. காப்புரிமையைக் கம்பெனி எடுத்துக்கொண்டது; அதில் மிட்சுயாவின் பேர் இல்லை. விலை ஆண்டுக்குப் பத்தாயிரம் டாலரை நெருங்கியது. கம்பெனி ஆய்வாளர்களும் முன்னதாகவே அதை எலி வைரஸில் சோதித்தவர்கள்தான், அதை மறைக்க மாட்டேன். காப்புரிமை யாருக்கென்று வழக்கு நடந்தது, 1994-இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் பெரும்பாலும் கம்பெனி பக்கமே நின்றது. ஆனால் சாகக் கிடந்தவனுக்கு எட்டாத விலையை எந்தத் தீர்ப்பு நியாயமாக்கும்?

மிட்சுயா கொதித்தார். கொதித்தவர் தீர்ப்புக்காகக் கை கட்டிக் காத்திருக்கவில்லை, குழாயிடம் போனார். ஏ.இசட்.டி.யின் உறவுக்காரப் பொருட்களை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தார். டிடிஐ, டிடிசி என்று இரண்டு சிக்கின. இந்த முறை காப்புரிமை அரசாங்கத்தின் கையில். விலை நியாயமாக இருக்க வேண்டுமென்ற நிபந்தனையோடுதான் டிடிஐ ஒரு கம்பெனிக்குப் போனது. 1991-இல் ஒன்று, 1992-இல் மற்றொன்று அனுமதி பெற்றன.

போதுமென்று உட்கார வைரஸ் விடுமா? உருமாறி உருமாறி மருந்துகளை ஏமாற்றியது. கல்கத்தாவிலும் கான்பூர் ஐ.ஐ.டி.யிலும் படித்துவிட்டு அமெரிக்கா போன வேதியியலாளர் அருண் கோஷ் மூலக்கூறுகளை வடிவமைத்தார், மிட்சுயா அவற்றை வைரஸோடு மோதவிட்டார். வைரஸின் புரோட்டியேஸ் என்சைமில் அடிக்கடி மாறும் ஓரங்களை விட்டுவிட்டு, அவ்வளவாக மாறாத முதுகெலும்பைப் பிடித்துக்கொள்ளும் மூலக்கூறு ஒன்று அவற்றில் தேறியது. தாருணாவிர் என்று பேர். 2006 ஜூனில் அனுமதி கிடைத்தது. முதல் பொட்டிலிருந்து இருபத்தொரு வருஷம்! நீ எத்தனை மாசத்தில் சலித்துக்கொள்கிறாய்?

ஏழை நாடுகளுக்கு மலிவு மருந்து கிடைப்பதற்காக உருவான மருந்துக் காப்புரிமைக் கூட்டமைப்புக்கு, 2010 செப்டம்பரில் முதல் காப்புரிமை உரிமம் வந்து சேர்ந்தது. கொடுத்தது அமெரிக்கத் தேசியச் சுகாதார நிறுவனம். அந்தக் காப்புரிமை தாருணாவிர் மருந்து சார்ந்தது. கண்டுபிடித்தவர்கள் பட்டியலில், அருண் கோஷின் பேரோடு, இந்தத் தடவை ஹிரோவாகி மிட்சுயாவின் பேரும் இருந்தது.