நைல்ஸ் போதகரும் ஆற்றுப்படையும்

தன் சமயமே மெய்யென்று நிச்சயித்துக்கொண்ட ஒருவன், அந்த நிச்சயத்தைப் பிறனுக்கு எடுத்துரைக்கப் புகும்போது, தான் கொடுப்பவன், அவன் கொள்பவன் என்னும் அகந்தை தலைதூக்காமல் அதனைச் செய்தல் கூடுமோ? பல சமயத்தார் அடுத்தடுத்து வாழும் தேசங்களிலெல்லாம் எழும் இவ்வினாவுக்கு யாழ்ப்பாணத்தில் தனியானதொரு கூர்மை உண்டு. 1814-இல் இலங்கைக் கரையில் இறங்கிய வெஸ்லியன் மிஷனரிமார் இரண்டே ஆண்டுகளில் அந்நகரில் தோற்றுவித்த பாடசாலையே பின்னர் மத்திய கல்லூரி ஆயிற்று. அங்கே கற்று, அங்கேயே ஆசிரியராகவும் அமர்ந்து, பீற்றர் பார்சிவல் பாதிரியாரின் வேதாகம மொழிபெயர்ப்புக்குத் துணைநின்ற ஆறுமுக நாவலர், 1848-இல் அத்தொடர்பைத் துறந்து சைவத்தின் புனருத்தாரணத்துக்கே தம் வாழ்நாளை அர்ப்பணம் செய்தார். ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு கழித்து அக்கல்லூரிக்கு அதிபராக வந்தவர் டானியல் தம்பிராஜா நைல்ஸ் என்னும் மெதடிஸ்த போதகர்.

1908-இல் பிறந்து, பெங்களூரில் இறையியல் பயின்ற நைல்ஸ், உலகத் திருச்சபைகள் மன்றம் 1948-இல் ஆம்ஸ்டர்டாம் நகரில் முதன்முதலாகக் கூடியபோது, நாற்பதே வயதில் அதன் தொடக்க ஆராதனையில் பிரசங்கம் செய்தவர். அவர் வகித்த உலகப் பதவிகளின் ஜாபிதா நீண்டது. அதனை இங்கே விரிக்க வேண்டுவதில்லை. அவரை உலகம் நினைவிற் கொண்டிருப்பதோ அப்பதவிகளால் அன்று, ஒரு விளக்கத்தால். சோறு கிடைக்கும் இடத்தை அறிந்த யாசகன் ஒருவன் மற்றொரு யாசகனுக்கு அவ்விடத்தைக் காட்டுவதே நற்செய்திப் பணி என்பது அவ்விளக்கத்தின் சாரம்.

மேனாட்டார் இதனை ஒரு புதுமையாகக் கொண்டாடினர். தமிழ் வாசகனுக்கோ இது பழகிய வழி. வள்ளலிடம் பரிசில் பெற்று மீளும் பாணன் போன்ற இரவலன், எதிரே பசித்து வரும் இரவலனை அவ்வள்ளலிடம் ஆற்றுப்படுத்தும் முறையில் அமைந்த பாட்டுகள் பத்துப்பாட்டிலே சரிபாதியாகும். அவற்றுள் முதலாவதான திருமுருகாற்றுப்படையில் நக்கீரர் அம்முறையையே வீட்டுநெறிக்கு உரியதாக்கி, முருகன் அருள்பெற்ற புலவன் அதனை நாடும் புலவனுக்கு வழிகாட்டுவதாகப் பாடினார். அந்நூலை அச்சிட்டு வழங்கியவர்களுள் நாவலரும் ஒருவர் என்பதை எண்ணும்போது, எதிரெதிர்த் திசைகளில் நடந்த இருவரும் ஒரே மரபின் நிழலில் நின்றதாகவே எனக்குத் தோன்றுகிறது. நைல்ஸ் ஆற்றுப்படையை மனத்திற்கொண்டுதான் அவ்வாறு சொன்னார் என்று நான் சாதிக்க வரவில்லை. ஆனால் ஒரு பேதத்தைக் குறிக்காமல் விடலாகாது: பரிசில் பெற்ற பாணன் யானையும் பொன்னும் உடையவனாய்த் தன் வறுமை நீங்கித் திரும்புகிறான், நைல்ஸ் காட்டும் யாசகனோ வழிகாட்டிய பின்னும் யாசகனே, நாளையும் அதே வாயிலில் நிற்க வேண்டியவனே. போதகனுடைய அகந்தைக்கு இதைவிட வலிய மருந்தை நான் அறியேன்.

இத்தகைய தாழ்மை உறுதியின்மையிலிருந்து பிறந்ததன்று. கிறிஸ்துவே வழி என்பதில் நைல்ஸுக்கு அணுவளவும் ஐயமில்லை. சுவிட்சர்லாந்து தேசத்துப் பேராசிரியர் கார்ல் பார்த்தின் இறையியலைப் பெரிதும் போற்றியவர் அவர். ஆயினும் 1935-இல் இருவரும் முதன்முதலாகச் சந்தித்தபோது, பிற சமயங்கள் யாவும் அவிசுவாசமே என்று பார்த் கூற, தாங்கள் எத்தனை இந்துக்களைச் சந்தித்திருக்கிறீர்கள் என்று இந்த இளைஞர் வினவினாராம். ஒருவரையும் இல்லை என்றார் பார்த். பின்னர் எவ்வாறு அறிந்தீர்கள் என்றதற்கு, அது அநுபவத்துக்கு முன்னரே அறியப்பட்டது என்பதே விடையாக வந்தது. நைல்ஸ் தலையை அசைத்துப் புன்னகை செய்தாராம். அண்டை வீட்டில் விபூதி தரித்து வாழ்பவரை நாள்தோறும் கண்டு வளர்ந்தவனுக்கு அந்த விடை போதுமானதாக எவ்வாறு இருந்திருக்கும்?

போதகன் ஓரிடத்தை அடையுமுன்னரே கிறிஸ்து அங்கே சென்று கிரியை செய்துகொண்டிருக்கிறார் என்பது அவர் பின்னர் வகுத்துக்கொண்ட சித்தாந்தம். இறைவனைத் தன் மூட்டையிற் கட்டிக் கொண்டுசெல்வதாக எண்ணும் பிரசாரகனை இது தடுக்கிறது; ஆதலால் மேலானது. ஆனால் சைவர் ஒருவர், "முன்னரே இங்கிருப்பவன் எங்கள் சிவபெருமான், அவனுக்கு உங்கள் பெயரைச் சூட்டுவானேன்?" என்று கேட்டால், நைல்ஸின் வாதம் அவரைத் திருப்திப்படுத்தாது. தாழ்மையான உள்ளத்திலும் உரிமை கோரும் இயல்பு நுட்பமாக ஒளிந்திருக்கக்கூடும் என்ற ஆட்சேபத்தை அவருடைய இறையியல் முற்றாகக் களைந்துவிடவில்லை என்பதே என் துணிபு. அன்பர்களான கிறிஸ்தவ வாசகர்கள் என்னைப் பொறுத்தருள்வார்களாக.

1968 ஏப்ரலில் மார்ட்டின் லூதர் கிங் கொலையுண்டமையால், அவ்வாண்டு சுவீடன் தேசத்து உப்சலாவில் கூடிய உலக மன்றத்தில் அவர் நிகழ்த்தவிருந்த தொடக்கப் பிரசங்கத்தை நிகழ்த்தும் பொறுப்பு நைல்ஸிடம் வந்தது. அந்த ஆண்டிலேயே இலங்கை மெதடிஸ்த திருச்சபையின் தலைமையையும் ஏற்ற அவர், அப்பதவியில் இருக்கும்போதே, 1970 ஜூலை 17-ஆம் நாள் வேலூரில் காலமானார்.