ஓய்ந்த மின்நிலையமும் வழிபாட்டு உணர்வும்

தொழில்மயமான நாடுகள் பலவற்றில், மூடிக் கைவிடப்பட்ட ஆலைகள், சுரங்கப் பாதைகள், மருத்துவமனைகள், மின்நிலையங்கள் ஆகியவற்றினுள் நுழைந்து, அவற்றைப் பொறுமையாகச் சுற்றிப் பார்த்து, ஒளிப்படம் எடுத்துக்கொண்டு திரும்பும் வழக்கம் கடந்த சில பத்தாண்டுகளில் பரவியுள்ளது. ‘அர்பன் எக்ஸ்ப்ளோரேஷன்’ என்று ஆங்கிலத்தில் வழங்கும் இதனைத் தமிழில் நகர்த்தேடல் எனலாம். கனடாவின் டொரோண்டோ நகரைச் சேர்ந்த ஜெஃப் சாப்மன் 1996இல் தொடங்கிய ‘இன்ஃபில்ட்ரேஷன்’ என்ற சிற்றிதழ் இவ்வழக்கத்திற்கு ஒரு பெயரையும் ஓர் ஒழுக்க நெறியையும் பரவலாக்கியது. இத்தகைய இடங்களுக்குச் சென்று வந்தோர் தம் அனுபவத்தை விவரிக்கும்போது கோயில், பேராலயம், புனிதம் என்னும் சமயச் சொற்களையே பெரும்பாலும் நாடுகின்றனர் என்பது கருதத்தக்கது. அச்சொற்கள் வெறும் அணிநயமா, அன்றி உண்மையான வழிபாட்டு உணர்வின் வெளிப்பாடா என்பதும், உண்மையானதாயின் அவ்வுணர்வு எதனை நோக்கிச் செல்கிறது என்பதும் மெய்யியல் ஆராய வேண்டிய வினாக்களாகும்.

இவ்வினாக்களை ஆராய்வதற்கு லண்டனில் தேம்ஸ் ஆற்றின் தென்கரையில் நிற்கும் பேட்டர்சீ அனல்மின் நிலையம் மிகப் பொருத்தமான எடுத்துக்காட்டாகும். 1929இல் கட்டத் தொடங்கி 1933இல் மின்சாரம் தரத் தொடங்கிய இந்நிலையத்தின் புறத்தோற்றத்தை வடிவமைத்த ஜைல்ஸ் கில்பர்ட் ஸ்காட், தம் 22ஆம் வயதிலேயே லிவர்பூல் ஆங்கிலிக்கன் பேராலயத்தின் வடிவமைப்புப் போட்டியில் வென்றவர். ஆகவே செங்கல்லால் ஆன அந்நெடுஞ்சுவர்களிலும் அவற்றின்மீது எழுந்த புகைபோக்கிகளிலும் தேவாலயக் கட்டடக் கலையின் சாயல் காணப்படுவது தற்செயலன்று. நீராவியின் விசையால் சுழன்று மின்னாக்கியை இயக்கும் டர்பைன்கள் நின்ற கூடத்தின் சுவர்களில் இத்தாலியப் பளிங்கு பதிக்கப்பட்டது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் நிலையத்தின் இரண்டாம் பாதி எழுந்து, 1955இல் நான்காவது புகைபோக்கியும் நிறைவுற்றது. முதற்பாதி 1975இலும் இரண்டாம் பாதி 1983இலும் மூடப்பட்டன. அதனைக் கேளிக்கைப் பூங்காவாக மாற்றும் முயற்சியில் எந்திரங்கள் அகற்றப்பட்டுக் கூரையும் பிரிக்கப்பட்ட நிலையில், 1989இல் பணம் போதாமல் பணி நின்றது. அதன்பின் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக அக்கட்டடம் மழைக்கும் பனிக்கும் திறந்து கிடந்தது. நகர்த்தேடலில் ஈடுபட்டோர் பலரை ஈர்த்ததும் இக்காலத்தில்தான்.

மின்னாற்றல் சமய உணர்வைத் தூண்டும் என்பதனை முதன்முதலில் ஆழ்ந்து சிந்தித்தவர்களுள் ஒருவர் அமெரிக்க வரலாற்றறிஞர் ஹென்றி ஆடம்ஸ் ஆவார். 1900இல் பாரிஸில் நடந்த உலகப் பொருட்காட்சியில் மாபெரும் டைனமோக்களைக் கண்ட அவர், தொடக்கக் காலக் கிறித்தவர்கள் சிலுவையின்முன் உணர்ந்ததைப் போன்றதொரு அறவலிமையை அவ்வெந்திரங்களின்முன் தாம் உணர்ந்ததாகத் தம் தன்வரலாற்றில் எழுதினார். இடைக்காலத்தில் பேராலயங்களைக் கட்டி எழுப்பிய ஆற்றல் கன்னி மரியிடம் கொண்ட பற்றே என்றும், புதிய காலத்தில் அவ்விடத்தை டைனமோ பற்றிக்கொண்டது என்றும் அவர் கருதினார். ஆயினும் ஆடம்ஸின் விளக்கம் இயங்கும் எந்திரத்திற்கே பொருந்தும். அவர் வணங்க முற்பட்டது ஆற்றலை. கைவிடப்பட்ட மின்நிலையத்திலோ அந்த ஆற்றல் அறவே இல்லை. இல்லாத ஆற்றலின்முன் வியப்பு எழுகிறதென்றால், அவ்வியப்பின் வேர் வேறிடத்தில் உள்ளது.

மெய்யியலாளர் இம்மானுவேல் காண்ட் 1790இல் வெளியிட்ட நூலில் உன்னதம் என்னும் உணர்வை ஆராய்ந்தார். அழகு மனத்திற்கு இதமளிப்பது. உன்னதமோ மனத்தை முதலில் அச்சுறுத்திப் பின் உயர்த்துவது. எரிமலையையும் சூறாவளியையும் பாதுகாப்பான இடத்தில் நின்று காணும் மனிதன், தன் உடல் அவற்றின்முன் எத்துணைச் சிறியதாயினும், தன் அறிவும் அறமும் அவற்றுக்கு அடங்காதவை என்று உணர்கிறான் என்பது அவர் கருத்து. ஓய்ந்த மின்நிலையத்தில் இவ்விளக்கமும் முழுமையாகப் பொருந்தவில்லை. ஏனெனில் அங்கே மனிதனை அச்சுறுத்தும் இயற்கை வலிமை ஏதுமில்லை, நிற்பது மனிதன் செய்ததே. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மெய்யியலாளர் கியோர்க் சிம்மல் இடிபாடுகளைக் குறித்து எழுதிய கட்டுரை இன்னும் நெருங்கி வருகிறது. மனித உள்ளம் மேல்நோக்கி எழுப்பியதை இயற்கை கீழ்நோக்கி இழுக்க, அவ்விரண்டு விசைகளும் ஒரு கட்டத்தில் அமைதி கொள்வதே இடிபாட்டின் அழகு என்றார் அவர். மனிதரே அழித்தவற்றில் அந்த அமைதி இல்லை என்றும் அவர் குறிப்பிட்டார். பேட்டர்சீயின் கூரையைப் பிரித்தது இயற்கையன்று, வணிகத் திட்டமே. சிம்மலின் அளவுகோலின்படி அது உண்மையான இடிபாடாகாது; எனினும் அங்கே சென்றவர்களுக்கு அவ்வுணர்வு எழவே செய்தது.

ஆகவே இவ்வுணர்வைத் தருவது ஆற்றலுமன்று, சிதைவுமன்று. பயன்பாடு நின்றுபோனதே அதனைத் தருகிறது எனக் கொள்வதற்கு இடமுண்டு. மெய்யியலாளர் மார்ட்டின் ஹைடெக்கர் 1927இல் வெளியிட்ட நூலில், பயன்பாட்டில் உள்ள சுத்தியல் அதனைப் பிடித்தவனின் கவனத்திற்கு வருவதில்லை என்றும், அது உடையும்போதுதான் ஒரு பொருளாகக் கண்முன் நிற்கிறது என்றும் விளக்கினார். பின்னர் 1953இல் தொழில்நுட்பத்தைப் பற்றி ஆற்றிய உரையில், ரைன் ஆற்றின்மீது அமைந்த நீர்மின் நிலையத்தை எடுத்துக்காட்டி, புதிய தொழில்நுட்பம் ஆற்றையும் மண்ணையும் வேண்டும்போது எடுத்துக்கொள்ளக்கூடிய வெறும் கையிருப்பாகவே காணச் செய்கிறது என்று அவர் எச்சரித்தார். மின்நிலையம் என்பது இக்கையிருப்பு மனப்பான்மையின் முழு உருவம். நிலக்கரியை வெப்பமாகவும், வெப்பத்தை நீராவியாகவும், நீராவியைச் சுழற்சியாகவும், சுழற்சியை மின்சாரமாகவும் மாற்றி, தனக்கென எதனையும் வைத்துக்கொள்ளாமல் அனைத்தையும் வெளியே அனுப்புவதே அதன் இயல்பு. அது ஒழுங்காக இயங்கும் வரை நகரத்தின் நினைவில் அதற்கு இடமில்லை. 1964 ஏப்ரல் 20 அன்று பேட்டர்சீயில் தீப்பிடித்து மின்தடை ஏற்பட்டு, அன்றிரவு தொடங்கவிருந்த பிபிசியின் இரண்டாம் தொலைக்காட்சி ஒளிபரப்பு தள்ளிப்போனபோதுதான் அதன் இருப்பு பலருக்கு உறைத்தது. கருவியாகவே பிறந்து கருவியாகவே வாழ்ந்த ஒன்று, கேட்பாரற்று நிற்கும்போது, எதற்காக என்ற கேள்வி கழன்று, அது இருக்கிறது என்னும் உண்மை மட்டும் எஞ்சுகிறது. பயன் கருதாமல் ஒன்றின் இருப்பை வியந்து நிற்பது வழிபாட்டின் முதற்கூறு என்பதனைச் சமயங்கள் பலவும் ஏற்கும்.

இக்கருத்து தமிழ் மரபுக்குப் புதியதன்று. ஆயுத பூஜையன்று உழவர் ஏரையும், தச்சர் உளியையும், ஓட்டுநர் வண்டியையும், ஆலைத் தொழிலாளர் எந்திரத்தையும் துடைத்துத் தூய்மை செய்து, பொட்டிட்டு, மாலை சூட்டி வணங்குகின்றனர். அன்று அக்கருவிகளால் வேலை செய்வதில்லை என்பதே அவ்வழிபாட்டின் உயிர்நாடி. பயன்பாட்டை நிறுத்தினாலன்றி நன்றி சொல்ல இடம் கிடைக்காது என்னும் தெளிவு அவ்வழக்கத்தில் பொதிந்துள்ளது. சைவ சித்தாந்தமும் இறைவனின் ஐந்தொழில்களுள் ஒன்றாகிய அழித்தலை வெறும் நாசமாகக் காண்பதில்லை. பிறந்து இறந்து களைத்த உயிர்களை இளைப்பாற்றும் செயலாகவே அருணந்தி சிவாசாரியாரின் சிவஞான சித்தியார் அதனை விளக்குகிறது. எந்திரம் சடப்பொருள், அதாவது அறிவற்ற பொருள், ஆதலால் அதற்குக் களைப்புமில்லை, இளைப்பாறலுமில்லை என்பது உண்மையே. ஆனால் அதனோடு பிணைந்து உழைத்த உயிர்களுக்குக் களைப்பு இருந்தது. ஓய்ந்த எந்திரத்தின்முன் எழும் உணர்வு முழுமை பெற வேண்டுமாயின், அவ்வுயிர்களையும் அது சென்றடைய வேண்டும்.

இவ்விடத்தில்தான் நகர்த்தேடலின் மீதான வலுவான மறுப்பு எழுகிறது. வெறிச்சோடிய கூடத்தின் அழகில் ஈடுபடுவோர், அங்கே கொதிகலன்களின் அனலில் நின்றவர்களையும், அவற்றுக்கான நிலக்கரியைச் சுரங்கங்களில் வெட்டியவர்களையும், புகையைச் சுவாசித்த மக்களையும் மறந்துவிடுகின்றனர் என்பதே அம்மறுப்பு. 1952 டிசம்பரில் லண்டனை மூடிய நச்சுப் புகைமூட்டத்தில் ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். வீட்டு அடுப்புகளும் ஆலைகளும் மின்நிலையங்களும் சேர்ந்து எரித்த நிலக்கரியே அதற்குக் காரணமாயிற்று. பேட்டர்சீயில் புகையிலிருந்த கந்தகத்தை நீரால் கழுவி நீக்கும் ஏற்பாடு தொடக்கத்திலேயே இருந்தபோதிலும், கழுவிய நீர் தேம்ஸ் ஆற்றிலேயே கலந்தது. அதே நிலையம் தன் கழிவு வெப்பத்தை ஆற்றுக்கு அடியில் குழாய்வழி அனுப்பி, எதிர்க்கரையிலிருந்த பிம்லிகோ குடியிருப்புகளுக்குக் கதகதப்பு அளித்ததும் உண்மை. நன்மையும் தீங்கும் பின்னிக் கிடந்த இத்தகைய ஓரிடத்தை அழகாக மட்டும் காண்பது அரைப்பார்வையாகும். அனுமதியின்றி நுழைவதால் உரிமையாளருக்கும் மீட்புப் பணியாளருக்கும் நேரும் தொல்லையையும், பழைய மின்நிலையங்களில் பரவலாகப் பயன்பட்ட கல்நார் போன்ற நச்சுப் பொருள்களின் ஆபத்தையும் சமய உணர்வின் பெயரால் ஒதுக்கிவிட இயலாது.

எனினும் நகர்த்தேடலின் நெறிகளுள் ஒன்று இம்மறுப்புக்கு விடையின் தொடக்கமாக அமைகிறது. எதனையும் உடைக்கலாகாது, எதனையும் எடுத்துச் செல்லலாகாது, எதனையும் விட்டுச் செல்லலாகாது என்பதே அந்நெறி. ஒரு பொருளைத் தனதாக்காமல் அதன்முன் நிற்கும் இப்பயிற்சி, பற்றின்மை எனச் சமயங்கள் போற்றும் பண்பின் எளிய வடிவமாகும். அவ்வாறாயின் ஒளிப்படமும் ஆராய்ச்சிக்குரியதாகிறது. பிறர் ஏறாத புகைபோக்கியில் தான் ஏறியதைக் காட்டுவதற்காக எடுக்கும் படம், பொருளைத் தொடாவிட்டாலும் அதனை வெற்றிச் சின்னமாக்கி விடுகிறது. கையிருப்பு மனப்பான்மை அங்கே வேறு உருவில் திரும்பி வருகிறது. நெம்புகோலின் கைப்பிடி தேய்ந்திருக்கும் விதத்தையும், அளவுமானிகளின் கீழ் எழுதப்பட்ட ஊர்ப் பெயர்களையும் கவனித்து, அவற்றினூடே உழைத்தவர்களை எண்ணிப் பார்ப்பவரின் பார்வை அதனினும் வேறானது.

புகைபோக்கிகள் இடிக்கப்பட்டு முன்போலவே மீண்டும் கட்டப்பட்டு, 2022 அக்டோபரில் பேட்டர்சீ நிலையம் கடைகளும் அலுவலகங்களும் வீடுகளும் கொண்ட வளாகமாகத் திறக்கப்பட்டது. இதனைப் புனிதக்கேடு என்று கருதத் தேவையில்லை. மழையில் கரைந்து விழுவதைக் காட்டிலும் மக்கள் புழங்கும் இடமாவது நன்றே. ஆயுத பூஜைக்கு மறுநாள் கருவிகள் மீண்டும் வேலைக்கு எடுக்கப்படுவதால் முதல்நாள் வழிபாடு பொய்யாகிவிடுவதுமில்லை. ஆனால் இருவகைப் பயன்பாடுகளுக்கும் இடையே அக்கட்டடம் எதற்கும் உதவாமல் நின்ற அந்த நீண்ட இடைவெளி ஓர் உண்மையை வெளிப்படுத்தியது. பயன் தீர்ந்த பின்னும் மதிப்புத் தீர்வதில்லை என்பதே அவ்வுண்மை. இவ்வுண்மையைச் செங்கல்லுக்கும் இரும்புக்கும் ஒப்புக்கொள்ளும் சமூகம், அவற்றோடு சேர்ந்து பணியிழந்த தொழிலாளருக்கும், உழைத்து ஓய்ந்த முதியோருக்கும் அதனை மறுக்குமாயின், அதன் வியப்பு வழிபாடாகாது, வெறும் சுவையாகவே நின்றுவிடும். மூடிய மின்நிலையத்தில் எழும் உணர்வு உண்மையானதா என்பதனை, அக்கூடத்தினுள் ஒருவர் எத்துணை ஆழமாக மெய்ம்மறந்தார் என்பதனைக் கொண்டன்றி, வெளியே வந்தபின் இனி உழைக்க இயலாத மனிதரை அவர் எவ்வாறு நடத்துகிறார் என்பதனைக் கொண்டே அளக்க வேண்டும்.