மோசடி என்பது யாது?



ஒருவனை வஞ்சகன் என்று ஏச வேண்டுமாயின், "அவன் ஒரு நானூற்றிருபது" என்று சொல்வது நம் நாட்டு வழக்கம். 1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டத்தில், ஏமாற்றிப் பொருள் பறிப்போரைத் தண்டித்த பிரிவின் எண் அது. 2024ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள் அச்சட்டத்தின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறைக்கு வந்தது. ஏமாற்றுக் குற்றம் அதில் 318ஆம் பிரிவாயிற்று. எண் மாறிற்று, வஞ்சகம் மாறவில்லை. ஆகவே எண்ணை விட்டு, மோசடி என்பது யாது, அதன் வகைகள் எவை என ஆராய்வோம்.

திருடன் நாம் உறங்கும் வேளையில் நம் பொருளைக் கொண்டுபோகிறான். மோசக்காரனோ நாம் விழித்திருக்கும்போதே நம் கையாலேயே கொடுக்கச் செய்கிறான். "நீயே அல்லவா கொடுத்தாய்?" என்று பின்னர் வழக்கும் பேசுகிறான். கை கொடுத்தது மெய். ஆனால் உண்மை அறியாத மனம் கொடுத்ததாகாது. ஆகையால் பொய்யால் பெற்ற பொருள் கொடாத பொருளே. பிறர் கொடாததைக் கொள்ளாமை, பொய்யுரையாமை என்னும் இரு சீலங்களையும் மோசடி ஒருங்கே அழிக்கின்றது.

1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் தன் 17ஆம் பிரிவில் மோசடியை வகுத்துரைக்கிறது. மெய்யென்று தான் நம்பாத பொய்யை மெய்யென்று காட்டுதல் ஒன்று. அறிந்த உண்மையை முயன்று மறைத்தல் மற்றொன்று. நிறைவேற்றும் எண்ணமின்றி வாக்களித்தல் இன்னொன்று. ஏமாற்றத்தக்க பிற செயல்களும் இவற்றோடு சேரும். தீகநிகாயத்தின் முதற் சூத்திரமாகிய பிரமஜாலம், கள்ளத் தராசு, கள்ள உலோகம், கள்ள அளவை ஆகியவற்றைப் பகவான் விலக்கியதாகக் கூறும். வாய் திறவாமலே எடைக்கல்லும் பொய் சொல்லும் என்பது இதனால் விளங்கும்.

இவை அனைத்திற்கும் வேர் எண்ணமே. ஆலை மூடப்பட்டதால் கடனைத் திருப்ப இயலாதவன் கடனாளியே அன்றி மோசக்காரன் அல்லன். வாங்கும்போதே கொடுப்பதில்லை என்று எண்ணியவனே மோசக்காரன். இவ்விருவரையும் ஒன்றாகக் கருதி ஏழையை இகழ்தல் அநீதி.

இனி, மௌனம் மோசடியாகுமா? அச்சட்டமே ஓர் உதாரணம் தருகிறது. நோயுள்ள குதிரையை ஒருவன் ஏலத்தில் விற்கிறான். குறையை அறிந்தும் வாய் திறக்கவில்லை. அது மோசடியன்று என்கிறது சட்டம். ஆனால் வாங்குபவள் அப்பொழுதுதான் பருவம் எய்திய அவன் சொந்த மகளாயின், குறையைச் சொல்வது அவன் கடமை என்றும் அதுவே கூறுகிறது. அயலானிடம் மௌனம் சாதிக்கலாம், மகளிடம் கூடாது. சட்டத்தின் எல்லை அதுவே. தம்மத்தின் எல்லையோ வேறு.

சேரிவாணிஜ ஜாதகத்தை நோக்குவோம். அழுக்கேறிய ஒரு பாத்திரம் பொன் என்பதை அறியாத பாட்டியும் பேத்தியும் அதனை ஒரு வியாபாரியிடம் காட்டினர். அவன் ஊசியால் கீறிப் பொன்னென்று அறிந்தும், ஒன்றுக்கும் உதவாதென்று எறிந்துவிட்டுப் போனான். பின்னர் வந்த போதிசத்துவர் ஒரு பொய்யும் சொல்ல வேண்டியதில்லை. முன்னவன் சொன்ன பொய்யின் நிழலில் வாளா இருந்தாலே போதும். ஆயினும் அவர், "இஃது இலட்சம் பொன் பெறும், என்னிடம் அவ்வளவில்லை" என்றுரைத்தார். உண்மையை அறிந்தபின் அவர்கள் மனமொப்பி, உள்ளதைத் தந்து கொள்ளச் சொன்னார்கள். அவர் தந்தது ஐந்நூறு காசும் ஐந்நூறு பெறுமான சரக்குமே. விலை குறைவாயினும் மோசடி அங்கில்லை. ஏனெனில் அறிந்த மனம் கொடுத்தது.

நம் முன்னோரில் பலர், வாசிக்கத் தெரியாத பத்திரங்களில் கைந்நாட்டு வைத்து நிலம் இழந்தனர். நாம் ஆலையில் உழைத்த காலத்தில், முன்வட்டியைப் பிடித்துக்கொண்டு முழுத் தொகைக்கும் கையெழுத்து வாங்கியோரைச் சம்பள நாள்தோறும் வாயிலில் கண்டோம். இன்று நம் பிள்ளைகள் படித்துவிட்டனர். ஒரு விதவைத் தாய் உதவித்தொகை மனுவை எழுதித் தரக் கேட்கிறாள். மனுவிற்குக் கட்டணமில்லை என்பதைச் சொல்லாமல், அவள் நீட்டும் பணத்தை வாங்கிக்கொள்ளும் நம்மவனும் உளன். அவன் பொய்யொன்றும் சொல்லவில்லை. ஆனால் படியாதவளிடம் படித்தவன் சாதிக்கும் மௌனமே பழைய கைந்நாட்டுப் பத்திரத்தின் மறுவடிவம்.

"உலகம் நம்மை ஏமாற்றிற்று, நாமும் செய்தால் என்ன?" என்பாருண்டு. நம்மை ஏமாற்றியவன் நம்மை நம்புவதில்லை. ஆகவே அவனை நாம் ஏமாற்ற முடிவதுமில்லை. நம்மை நம்புகிறவர் நம்மவரே. சீட்டுப் பிடிப்பவனிடம் காசு கட்டுகிறவரும், சங்க உண்டியலில் கூலியைப் போடுகிறவரும் அவர்களே. அந்நம்பிக்கை ஏழைகளின் ஒரே முதல். அது போயின் மீண்டும் வட்டிக்காரன் வாயிலே கதியாகும்.

ஆகலின், விற்கும்போதும், எழுதித் தரும்போதும், சீட்டுக் கணக்கும் சங்கக் கணக்கும் வாசிக்கும்போதும், எதிரில் இருப்பவள் நம் மகளாயின் இதனைச் சொல்லாமல் விடுவோமா என்று கேட்டுக்கொள்வோமாக. விடமாட்டோம் எனில், அவர் யாராயினும் சொல்லிவிடுவோமாக.