ரிப்போர்ட் சரி, உடம்பு சரியில்லை

எங்கள் பாட்டிமார் காலத்தில் தைரொயிட் நோயைச் சொல்ல ஆய்வுகூடம் தேவைப்படவில்லை. அயடீன் குறைவால் வீங்கிய கழுத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடும். மண்ணிலுள்ள அயடீன் பயிருக்கும் தண்ணீருக்கும் போதிய அளவு எட்டாத ஈரவலயத்தில் இருக்கிறது கண்டி. 1980களில் இலங்கையின் பெரும்பாலான மாவட்டங்களில் பாடசாலைப் பிள்ளைகளைப் பரிசோதித்தபோது, ஏறக்குறைய ஐந்தில் ஒரு பிள்ளைக்கு முன்கழுத்துக் கழலை இருந்தது. 1995இல் உப்பில் அயடீன் சேர்ப்பது கட்டாயமான பிறகு அந்த வீக்கம் மெல்ல மெல்ல அரிதாயிற்று. பெரிய நன்மை அது.

ஆனால் வீங்கிய கழுத்துக்கு ஒரு பலம் இருந்தது. அந்த வீக்கத்தை யாரும் மறுக்க முடியாது. இன்று கண்டிக்கு அருகே எங்கள் கடுகண்ணாவையில் தைரொயிட் குளிசை போடுகிற, எனக்குத் தெரிந்த பெண்கள் பலருக்குக் கழுத்தில் ஒன்றுமே தெரிவதில்லை. உடம்பின் எதிர்ப்புச் சக்தியே சுரப்பியைச் சிறிது சிறிதாக அரித்துவிடும் நோய் இப்போது பரவலாகப் பேசப்படுகிறது. 1912இல் ஜப்பானிய வைத்தியர் ஹகாரு ஹஷிமோட்டோ விவரித்த நோய் அது. பலருக்கு வெளியே தெரிவதெல்லாம் களைப்பு, முடி கொட்டுதல், மலச்சிக்கல், குளிர் தாங்காமை, எடை கூடுதல், மறதி. இவற்றைப் பார்த்துச் சோம்பல் என்று சொல்லிவிட வீட்டாருக்கு அதிக நேரம் ஆகாது. ஆகவே தீர்ப்புச் சொல்லும் அதிகாரம் முழுவதும் ஒரு தாளில் உள்ள ஓர் எண்ணிடம் போய்விட்டது. எண் நோர்மல் என்றால் உடம்பு சொல்லும் சாட்சி செல்லாது.

அது செல்ல வேண்டும் என்பதே என் கட்சி.

தாளில் டி.எஸ்.எச். என்று இருப்பது தைரொயிட் சுரக்கும் ஹோர்மோனின் அளவைச் சொல்வதில்லை. மூளையின் அடியிலுள்ள கபச் சுரப்பி தைரொயிட்டுக்கு அனுப்பும் கட்டளையின் அளவு அது. தைரொயிட் தளர்ந்தால் கட்டளை கூடும், எண் ஏறும். நுட்பமான சோதனை. முதலில் அதைச் செய்வது சரிதான், பெரும்பாலானோருக்கு அதுவே போதும். ஏறத்தாழ 0.4 முதல் 4 வரை என்று ஆய்வுகூடங்கள் வைத்திருக்கும் எல்லை, சுகதேகிகள் பலருடைய இரத்தத்தைச் சோதித்து நடுவிலுள்ள 95 வீதத்தினரைக் கொண்டு அமைத்தது. அது எல்லோருக்குமான பொது எல்லை. 2002இல் வெளியான டென்மார்க் ஆய்வொன்றில் ஆரோக்கியமான 16 ஆண்களை மாதம் ஒருமுறை ஓராண்டு முழுவதும் சோதித்தார்கள். ஒவ்வொருவருடைய எண்ணும் தனக்கென ஒரு குறுகிய எல்லைக்குள், பொது எல்லையின் ஏறக்குறையப் பாதி அகலத்துக்குள் நின்றது. வழக்கமாக 1இல் இருப்பவருக்கு 3.5 வந்தால் தாள் நோர்மல் என்றே சொல்லும். அவருடைய உடம்புக்கோ அது பெரிய மாற்றமாக இருக்கலாம். பழைய ரிப்போர்ட்டுகளைத் தூக்கி எறியாமல் வைத்திருங்கள் என்று நான் எல்லோரிடமும் சொல்வது இதனால்தான்.

சில வருடங்களுக்கு முன் நான் காலையில் எழும்போதே களைத்துப்போய் எழுந்தேன். கண்டி பஸ்ஸில் நின்றுகொண்டு போக முடியவில்லை. வகுப்பில் தினமும் கூப்பிடும் பிள்ளையின் பெயர் நாக்கில் வரவில்லை. டி.எஸ்.எச். நோர்மல். “ஒன்றுமில்லை, யோசிக்க வேண்டாம் டீச்சர்” என்றார் வைத்தியர். வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். அக்கா மட்டும் என் முகத்தைப் பார்த்துவிட்டு, “ஒனக்கு முடியலன்னு ஒனக்குத்தானே தெரியும். மறுபடி போய்க் கேளு” என்றாள்.

அடுத்துப் பார்த்த வைத்தியர் தாளைக் கையில் வாங்கும் முன் என்னோடு பேசினார். மாதவிடாய் எப்படி, தூக்கம் எப்படி, குடும்பத்தில் யாருக்குத் தைரொயிட், கடையில் வாங்கிப் போடும் குளிசை ஏதும் உண்டா என்று கேட்டார். அந்தக் கேள்விகளிலிருந்துதான் அடுத்த பரிசோதனைகள் பிறந்தன. உடம்பின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் மிகவும் குறைந்திருந்தது. தைரொயிட்டைத் தாக்கும் டி.பி.ஓ. பிறபொருளெதிரியும் இரத்தத்தில் இருந்தது. இரும்புக் குளிசையில் களைப்பு தணிந்தது. சுரப்பி இன்னும் தாக்குப்பிடிப்பதால் அதற்கு மருந்து இல்லை, ஆண்டுக்கொரு சோதனை மட்டும். இங்கிலாந்தின் விக்ஹம் பகுதியில் 20 ஆண்டுகள் மக்களைத் தொடர்ந்து கவனித்த ஆய்வின்படி, இந்தப் பிறபொருளெதிரி மட்டும் உள்ள பெண்களில் ஆண்டுக்கு நூற்றுக்கு இருவர் அளவில் தைரொயிட் குறைவுக்கு ஆளாகிறார்கள். பயப்படத் தேவையில்லை, மறந்துவிடவும் கூடாது.

தைரொயிட்டைத் தேடிப்போன எனக்கு இரும்பு பற்றிய பதில் கிடைத்தது. மேலும் சோதிக்கச் சொல்லிக் கேட்பதன் பொருளை அன்றுதான் விளங்கிக்கொண்டேன். அதே சோதனையை வேறு வேறு ஆய்வுகூடங்களில் திரும்பத் திரும்பச் செய்வதால் பயன் சொற்பம். இதுவரை கேட்கப்படாத கேள்வி எது என்று தேட வேண்டும்.

பிரசவத்தில் அதிக இரத்தம் இழந்த ஒரு தாயை எண்ணிப் பாருங்கள். அவருக்குப் பால் சுரக்கவில்லை, மாதவிடாய் திரும்பவில்லை, பிள்ளை வளர்ந்து பள்ளிக்கூடம் போன பிறகும் களைப்பு விடவில்லை. இரத்த இழப்பில் கபச் சுரப்பியே பழுதாகியிருக்கலாம். ஷீஹன் நோய் என்று அதைச் சொல்வார்கள். கட்டளை பிறக்கும் இடமே கெட்டுவிட்டால் டி.எஸ்.எச். நோர்மலாகக் காட்டக்கூடும். தைரொயிட் சுரக்கும் எஃப்.டி.4 என்ற ஹோர்மோனையும் சேர்த்து அளந்தால்தான் குறைவு வெளிப்படும். அப்படிப்பட்டவருக்குக் கோர்ட்டிசோல் என்ற இன்னொரு ஹோர்மோனும் குறைந்திருக்கலாம். அதைச் சரிசெய்யாமல் தைரொயிட் ஹோர்மோன் குளிசையான தைரொக்சினைக் கொடுத்தால் உயிருக்கே ஆபத்து. பழைய பிரசவக் கதை ஒன்றுதான் அந்தத் தாயைக் காப்பாற்றும் தடயம்.

முடி கொட்டுகிறதென்று பயோட்டின் குளிசை விழுங்குபவர்களும் இருக்கிறார்கள். அது சில சோதனை முறைகளைக் குழப்பி, டி.எஸ்.எச்.ஐ உள்ளதைவிடக் குறைவாகக் காட்டும். அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் 2017இல் இதைப் பற்றி எச்சரித்தது. சோதனைக்குக் குறைந்தது இரண்டு நாட்கள் முன்பே அதை நிறுத்த வேண்டும். யாரும் கேட்காவிட்டாலும் நாமே சொல்ல வேண்டிய செய்தி இது.

மறுபக்கத்தையும் அதே அக்கறையோடு சொல்கிறேன். அறிகுறி இருக்கிறது என்பதற்காகத் தைரொக்சினை வாங்கிப் போட்டுப் பார்ப்பது வழியாகாது. ஸ்கொட்லாந்தின் கிளாஸ்கோவில் எண் நோர்மலாகவும் அறிகுறிகள் தொடர்ந்தும் இருந்த 25 பேருக்குத் தைரொக்சினையும் மருந்தில்லாத வெறும் குளிசையையும் மாற்றி மாற்றிக் கொடுத்துப் பார்த்தார்கள். 2001இல் வெளியான முடிவு தெளிவானது: தைரொக்சின் வெறும் குளிசையைவிட அதிக சுகம் தரவில்லை. தேவையில்லாத தைரொக்சின் இதயத் துடிப்பைக் குழப்பும், எலும்பைத் தேய்க்கும். இரத்தச்சோகை, விற்றமின் பி12 குறைவு, நீரிழிவு, குறட்டையோடு மூச்சு தடைப்படும் தூக்கம், மனச்சோர்வு எல்லாம் தைரொயிட் குறைவைப் போலவே தோற்றம் காட்டும். மனச்சோர்வு என்று முடிவானால் அதைப் பெரும்பாலோர் அவமானமாக எடுத்துக்கொள்கிறார்கள். அதுவும் நோய்தான், அதற்கும் மருந்து உண்டு.

கேட்பதில் எங்கள் பக்கத்துப் பெண்களுக்கு இன்னொரு தடையும் உண்டு. வைத்தியர் சிங்களத்தில் கேட்கிறார். தமிழிலே வாழ்ந்த களைப்பு இரண்டு சிங்களச் சொற்களில் சுருங்கிவிடுகிறது. மொழிபெயர்க்க மகனைக் கூட்டிப் போனால் மாதவிடாயைப் பற்றி வாய் திறக்க முடிவதில்லை. பின்னால் நீண்ட வரிசை நிற்கிறது. இரத்தத்தைச் சோதிக்க வசதி இல்லாமல் இல்லை. பேராதனைப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தின் அணு மருத்துவப் பிரிவு, கடுகண்ணாவையிலிருந்து பஸ்ஸில் போய்வரும் தூரத்தில் தைரொயிட் சோதனைகளைச் செய்கிறது. அந்த இரத்தத்தில் எதைத் தேட வேண்டும் என்று சொல்லும் கதைதான் வைத்தியரின் மேசைக்குப் போய்ச் சேராமல் நின்றுவிடுகிறது.

அதனால் வீட்டிலேயே எழுதிக்கொள்ளுங்கள். எப்போது தொடங்கியது, எந்த வேலையை முன்பு செய்ய முடிந்தது, இப்போது எதைச் செய்ய முடியவில்லை, மாதவிடாய், பிரசவம், தூக்கம், எல்லாக் குளிசைகளின் பெயர்களும் ஒரு தாளில் இருக்கட்டும். சிங்களம் தெரிந்த ஒரு தோழியிடம் கொடுத்து எழுதி வாங்குங்கள், கூட ஒரு பெண்ணை அழைத்துப் போங்கள். வைத்தியரோடு சண்டை பிடிக்க வேண்டாம். “இது தைரொயிட் இல்லையென்றால் வேறு என்னவாக இருக்கலாம், அடுத்து எதைப் பார்க்க வேண்டும்?” என்று மரியாதையாகக் கேளுங்கள். நல்ல வைத்தியர் எவரும் அந்தக் கேள்வியை வெறுப்பதில்லை.

வீட்டில் இருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. ரிப்போர்ட் நோர்மல் என்று வந்த நாளில் அவளை வேலைக்கு எழுப்பிவிடாதீர்கள். நோயின் பெயர் இன்னும் தெரியவில்லை என்பதற்காக அவளுடைய களைப்பு பொய்யாகிவிடாது. அவளை நம்புங்கள், அடுத்த கிளினிக் நாளில் கூடப் போங்கள்.