பத்தொன்பதோடு நிற்கும் பதிவேடு

தஞ்சாவூர், திருவாரூர் பக்கத்து அரிசி ஆலைகளில் ஆள் கணக்கு எடுப்பது லேசான காரியமல்ல. கொதிகலன் பார்ப்பவர், நெல் அவிப்பவர், களத்தில் கிண்டிவிடும் பெண்கள், கணக்குப்பிள்ளை, மூட்டை தூக்குவோர் என்று பலவகை ஆட்கள். குறுவை அறுவடையில் ஒரு கூட்டம் வரும், சம்பா, தாளடியில் வேறொரு கூட்டம். இவர்களில் யார் பெயர் சம்பளப் பதிவேட்டில் ஏறுகிறது, யார் பெயர் மேஸ்திரியின் துண்டுச்சீட்டோடு நின்றுபோகிறது என்பதை முதலாளிதான் தீர்மானிக்கிறார். கணக்கு வேலையாகத் தெரிந்தாலும் அதற்குள் ஓர் அறக் கேள்வி இருக்கிறது.

பத்துப் பேர் வேலை பார்த்தால் தொழிலாளர் காப்பீடான இஎஸ்ஐ, பணிக்கொடை கட்டாயம். இருபது பேர் என்றால் வருங்கால வைப்பு நிதியான பிஎஃப். 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பும் இந்த வரம்புகளை மாற்றவில்லை. அதனால் சிறு தொழில் நடத்துபவருக்கு ஒரு சபலம் எப்போதும் உண்டு. பதிவேட்டைப் பத்தொன்பதோடு நிறுத்திவிடலாம். ஒரே கூரையின் கீழ் மனைவி பெயரில் இன்னொரு நிறுவனம் தொடங்கி ஆட்களைப் பிரித்துவிடலாம். அப்படிச் செய்வது தவறா, பிழைப்புக்கான சாமர்த்தியமா?

முதலாளியின் சுமையைக் குறைத்துச் சொல்லக் கூடாது. மாதம் 12,000 ரூபாய் சம்பளம் வாங்கும் ஒருவருக்கு பிஎஃப் பங்கு 12 சதவீதம், அதாவது 1,440 ரூபாய். காப்பீட்டுக்கு 60, நிர்வாகக் கட்டணம் 60, இஎஸ்ஐக்கு 3.25 சதவீதமாக 390. மொத்தம் 1,950 ரூபாய். இருபது பேருக்கு மாதம் 39,000, ஆண்டுக்கு 4,68,000. போனஸும் பணிக்கொடையும் தனி. பக்கத்து ஆலைக்காரர் இதில் ஒரு ரூபாயும் கட்டாமல் மூட்டைக்குக் குறைந்த விலை சொன்னால், ஒழுங்காகக் கட்டுபவர் வியாபாரத்தை இழப்பார். இந்த அச்சம் உண்மையானது.

தொழிலாளி தரப்பிலிருந்தும் ஒரு குரல் வருகிறது. “எனக்குப் பிடிக்க வேண்டாம் முதலாளி, கையிலயே குடுத்துடுங்க.” 12,000 ரூபாயில் பிஎஃப், இஎஸ்ஐ இரண்டுக்குமாக 1,530 ரூபாய் குறைந்தால், அந்த மாதப் பள்ளிக் கட்டணமோ வட்டியோ நின்றுபோகும். ஆதாரில் ஒரு பெயர், பிஎஃப் கணக்கில் ஓர் எழுத்து வேறு என்பதால் பணம் எடுக்க முடியாமல் அலைபவர்களை அவர் பார்த்திருக்கிறார். பத்தாண்டு கட்டினால்தான் ஓய்வூதியம், அதுவும் குறைந்தபட்சம் 1,000 ரூபாய் என்றால் அவருக்கு ஆர்வம் எப்படி வரும்?

ஆனாலும் இந்தச் சம்மதத்தை முதலாளி தன் விடுதலைப் பத்திரமாக எடுத்துக்கொள்ள முடியாது. 15,000 ரூபாய்க்குள் சம்பளம் வாங்குபவர் பிஎஃப் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தாலும், வரம்புக்குள் வந்துவிட்ட நிறுவனத்தில் சட்டப்படி அது செல்லாது. அறத்தின்படியும் செல்லாது. தொழிலாளி விட்டுக்கொடுப்பது தன் பங்கை மட்டுமல்ல. முதலாளி தர வேண்டிய பங்கையும் சேர்த்துத்தான். பணி ஓராண்டைத் தாண்டிய ஒருவர் வேலையில் இருக்கும்போதே இறந்தால் குடும்பத்துக்குக் குறைந்தது இரண்டரை லட்சம் ரூபாய் காப்பீடு உண்டு, மனைவிக்கு மாத ஓய்வூதியம் உண்டு. அந்த வீட்டுப் பெண்ணிடம் யாரும் சம்மதம் கேட்டதில்லை.

இந்த மண்ணுக்கு இப்படிப்பட்ட வரம்புகள் புதிதல்ல. பிஎஃப் சட்டம் வந்த 1952இல்தான் ராஜாஜி அரசு தஞ்சாவூர் பண்ணையாள் பாதுகாப்பு அவசரச் சட்டத்தையும் கொண்டுவந்தது. ஒரே கிராமத்தில் ஒரு வேலிக்கு மேல், அதாவது சுமார் 6.67 ஏக்கருக்கு மேல், நிலம் வைத்திருந்த மிராசுதாரர்களை அது கட்டுப்படுத்தியது. பண்ணையாளைக் காரணமின்றி வெளியேற்றுவதைத் தடுத்தது. அதன் பிறகு பண்ணையாள் முறையே தேய்ந்து, பலர் தினக்கூலிகளானார்கள். பாதுகாப்பு கிடைக்கும் பெயரிலிருந்து ஆளை நகர்த்திவிட்டால் பாதுகாப்பும் போய்விடும் என்பதை டெல்டா அன்றே பார்த்துவிட்டது. கூலிப் போராட்டம் முற்றி, 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்ட பிறகுதான், 1969இல் கிழக்குத் தஞ்சைக்கு நியாயக் கூலிச் சட்டம் வந்தது.

இன்றைய ஆலை முதலாளியை அந்தக் கால மிராசுதாரரோடு ஒப்பிடுவது நியாயமில்லை. பலர் கல்யாணத்துக்கும் ஆஸ்பத்திரிச் செலவுக்கும் முன்பணம் கொடுக்கிறார்கள், தீபாவளிக்குத் துணி எடுத்துத் தருகிறார்கள். அந்த ஈரம் உண்மையானதுதான். ஆனால் முன்பணம் கடனாக நிற்கிறது. கடன் தீராமல் வேறு ஆலைக்குப் போக முடியாது. பிஎஃப் கணக்கு எண்ணோ தொழிலாளியோடு எங்கும் போகும். ஆலை கைமாறினாலும் முதலாளி கண்மூடினாலும் அதிலிருக்கும் பணம் அவருடையது. பதிவேட்டில் பெயரில்லாமல் இருபதாண்டு உழைத்தவருக்கு, 12,000 ரூபாய் சம்பளத்தில் சுமார் 1,38,000 ரூபாய் வரவேண்டிய பணிக்கொடையைக் கேட்கக் கையில் சான்றே இருக்காது.

ஆகவே மூன்று நிலைகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஏழு பேரோடு நடக்கும் சிறு ஆலை பிஎஃப் கட்டாததில் குற்றமில்லை. உள்ளபடியே பத்தொன்பது பேர் இருக்கும் ஆலை பிஎஃப் வரம்புக்கு வெளியே நிற்கிறது. ஆனால் சம்பள உயர்வு கொடுக்கும் ஆண்டில் தானாக முன்வந்து பதிவு செய்தால், கையில் வாங்கும் தொகை குறையாமலே சேமிப்பைத் தொடங்க முடியும், அதற்குச் சட்டத்தில் வழி இருக்கிறது. முப்பது பேரை வைத்துக்கொண்டு பத்தொன்பது என்று எழுதுவது ஏமாற்று. மேஸ்திரி மூலம் வந்தவர்களையும் சட்டம் ஆலையின் ஆட்களாகவே எண்ணுகிறது. தொழிலாளியிடம் பிடித்த பங்கைக் கட்டாமல் வைத்துக்கொள்வது இன்னும் மோசம். அதைச் சட்டம் நம்பிக்கை மோசடி என்றே சொல்கிறது.

சிக்கல் மிஞ்சுவது சுமைக்காரர் விஷயத்தில். காலையில் ஓர் ஆலை, மதியம் ஒரு கிடங்கு, மாலையில் இன்னொரு லாரி என்று மூட்டைக் கூலிக்கு ஓடுபவருக்கு யார் முதலாளி? நியாயக் கூலிச் சட்டம் வந்த அதே 1969இல் மகாராஷ்டிரம் இதற்கென்றே மாதாடித் தொழிலாளர் சட்டத்தை இயற்றியது. அங்கே முதலாளிகளும் சுமைக்காரர்களும் ஒரு வாரியத்தில் பதிவு செய்கிறார்கள். கூலியோடு ஒரு தீர்வையும் வாரியத்துக்குப் போகிறது. பிஎஃப், போனஸ், பணிக்கொடை அதிலிருந்து வருகின்றன. எல்லா முதலாளியும் ஒரே விகிதத்தில் கட்டுவதால் நேர்மையானவர் போட்டியில் தோற்பதில்லை. ஒவ்வொரு டெல்டா ஊரின் ஆலை உரிமையாளர் சங்கமும் அப்படியொரு பொது ஏற்பாட்டை அரசிடம் கேட்கலாம். அது வரும் வரை, தன் களத்தில் மூட்டை இறக்குபவரின் பெயரையும் நாளையும் கூலியையும் எழுதிவைக்கும் பொறுப்பு அந்தந்த ஆலை முதலாளியுடையது.